மாஸ்க்கை விலக்கி "வாங்க" என்றது

பித்தப்பையில் கல் என்று போன வருஷம் எனக்கு ஆபரேஷன் நடந்தது. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மயக்க மருந்து கொடுத்ததும் தெரியாது, ஆபரேஷன் முடிந்ததும் தெரியாது. கண் விழித்தபோது மூக்கையும் வாயையும் மூடி ஒரு பிளாஸ்டிக் மாஸ்க். விரலில் ஒரு கிளிப். தலைமாட்டுப் பெட்டியில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் ஒரு நம்பர் எரிந்தது. தொண்ணூற்றாறு.

மயக்கம் தெளிந்தால் மூச்சும் தானாகப் பழையபடி வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். மருந்து மெல்ல மெல்லத்தான் உடம்பை விட்டுப் போகிறது. வயிற்றுத் தையல் இழுப்பதால் நாமும் ஆழமாக இழுக்காமல் மேலோட்டமாக மூச்சு விடுகிறோம். அதனால் கொஞ்ச நேரம் ஆக்ஸிஜன் வைக்கிறார்கள். இதெல்லாம் டாக்டர் என் மகளிடம் சொன்னது. அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குக் கூச்சம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

பதினொரு மணிக்கு மேல் நம்பர் விழ ஆரம்பித்தது. தொண்ணூறு, எண்பத்தொன்பது. பெட்டி கத்தும். நர்ஸ் வருவதற்குள் ஏறிவிடும். நாலைந்து தடவை இப்படியே ஆயிற்று. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள இது நிக்கலன்னா சென்னைக்கு அனுப்பிடலாம்மா. வேற ஏதாவது இருக்கான்னு பாக்கணும்."

மகள் முகம் செத்துப்போயிற்று. அவள் அப்பாவையும் அப்படித்தான் ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோனோம். அவர் திரும்பி வரவில்லை.

நர்ஸ் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போது என் வீட்டு ரூமில் வாடகைக்கு இருக்கும் பையன் ஒருவன், ஷிப்ட் முடிந்து கம்பெனி யூனிபார்மோடு கதவருகே வந்து நின்றான். நான் மாஸ்க்கைத் தூக்கினேன்.

"வாப்பா. சாப்ட்டியா?"

பெட்டி கத்தியது. நர்ஸ் மாஸ்க்கைச் சரியாக வைத்தாள். பையன் பயந்து வெளியே போய்விட்டான். சற்று நேரத்தில் வேறு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். மறுபடி தூக்கினேன்.

"வாங்க."

பெட்டி மறுபடியும் கத்தியது.

"ஆச்சி, அது யாரு?"

"தெரில."

"தெரியாத ஆளுக்கு எதுக்கு மாஸ்க்க கழட்டுதிய?"

"வந்தவங்கள வாங்கன்னு கேக்காட்டி இன்னா நெனச்சிப்பாங்க?"

"அவரு பக்கத்து பெட்டுக்கு வந்தவரு. அந்தப் பெட்டுக்காரவியல்லா கேக்கணும்."

கதவருகே நின்ற மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "இதுக்கா நான் ஆம்புலன்ஸுக்கு போன் பண்ண இருந்தேன்? இன்னாம்மா நீ?"

எனக்கு நாலு பேரிடம் பேச வராது. வருகிறவர்களை வாங்க என்று கேட்பது ஒன்றுதான் தெரிந்த பேச்சு. அதையும் வாயை மூடிக்கொண்டு கேட்டால் மரியாதையாக இருக்குமா?

பெட்டி இத்தனை தடவை கத்தியதும் இதனால்தான் என்று நர்ஸ் டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் சிரித்தது எனக்கே கேட்டது. மாஸ்க்கை எடுத்துவிட்டு, மூக்கில் மட்டும் செருகுகிற மெல்லிய குழாய் ஒன்றை வைத்தார்கள்.

"இனி எத்தன பேர வேணாலும் கேளுங்க ஆச்சி. ஆனா ஒவ்வொரு வாங்கவுக்கும் முன்னால மூச்ச நல்லா உள்ள இழுக்கணும். செய்வியளா?"

செய்தேன். வலித்தது. தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமவும் சொன்னாள். ஆட்கள் இருக்கும்போது எப்படி இருமுவது? அவள் திரையை இழுத்து மூடிய பிறகுதான் எனக்கு இருமல் வந்தது.

நாலு மணிக்கு ஆக்ஸிஜனை நிறுத்தினார்கள். மூன்று பேரும் நம்பரையே பார்த்தோம். தொண்ணூற்று மூன்றுக்கு இறங்கியது. மகள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் மூச்சை நன்றாக இழுத்து விட்டேன். தொண்ணூற்று நாலு. தொண்ணூற்றைந்து. அங்கேயே நின்றது. ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்து பார்த்தார்.

"சென்னையெல்லாம் வேணாம். வார்டுக்கு மாத்திடுங்க."

மகள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். கீழே போய் இரண்டு வடை வாங்கி வந்து, எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து தின்றாள். எனக்கு இரண்டு ஸ்பூன் தண்ணீர்தான் கொடுத்தார்கள். அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டே அதைக் குடித்தேன். வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.