தெரியாததை நடத்திய டீச்சர்

இரண்டாம் வகுப்பு டீச்சருக்குப் பத்தொன்பது வருட அனுபவம். அதில் கடைசி நான்கு வருடங்களாக அவர் யாருக்கும் பெரிதாக எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர்மேல் குற்றமில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் 'இந்த வாரம் வகுப்பில்' என்ற தாள் செய்த வேலை. அடுத்த வாரப் பாடம் என்ன என்று வெள்ளிக்கிழமையே அது வீடுகளுக்குப் போய்விடும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெற்றோர்கள் தலைகீழாக நின்று அதைப் பிள்ளைகளின் மண்டையில் ஏற்றிவிடுவார்கள். திங்கட்கிழமை டீச்சர் பலகைப் பக்கம் திரும்புவதற்குள் முப்பத்தோரு கைகள் மேலே நிற்கும். சிலர் பதிலோடு ஒரு கொட்டாவியும் விடுவார்கள்.

முப்பத்திரண்டாவது பிள்ளை கடைசி பெஞ்சில் இருந்தாள். தாளைப் படிக்க அவள் வீட்டில் யாருக்கும் நேரமில்லை. பென்சில் சீவிய குப்பையை அவள் அதில்தான் மடித்து வைப்பாள். அதனால் அவளுக்கு ஒன்றுமே தெரியாது. டீச்சர் அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். கடன் வாங்கிக் கழிப்பதை அவளுக்குப் புரியவைத்த மாதம் மட்டும்தான் சம்பளம் வாங்கக் கை கூசவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் அம்மா வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. மகளை எல்லாரும் மக்கு என்கிறார்களாம்.

"அந்தத் தாள எனக்கும் ஒண்ணு குடுங்க டீச்சர். நானும் சொல்லிக்குடுத்து அனுப்புறேன்."

"வேணாங்க. அவ இங்க வந்து கத்துக்கட்டும்."

"எல்லாப் பிள்ளைங்களும் வீட்லயே கத்துக்கிட்டு வருது. எம் பொண்ணு மட்டும் ஸ்கூல்ல வந்து கத்துக்கணுமா?"

டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்தார். தாளைக் கொடுத்தார். இந்த வாரம்: பாதி, கால். மிச்சமிருந்த ஒரே மாணவியும் கையைவிட்டுப் போகிறாள் என்று இரண்டு நாள் மனசு அடித்துக்கொண்டது. திங்கட்கிழமை பாதியையும் காலையும் தொடாமல், பலகையில் பெரிதாக ஒரு கடிகாரம் வரைந்தார்.

ஒரு கைகூட எழவில்லை.

"டீச்சர், இது எங்களுக்குத் தெரியாதே," என்றான் முதல் பெஞ்சுக்காரன், அழாத குறையாக.

டீச்சருக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்று நாள் தொண்டை கட்டும்வரை நடத்தினார்.

வியாழக்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டார். "பிள்ளைங்களுக்குத் தெரியாததை நடத்துறீங்கன்னு புகார் வந்திருக்கு. இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படிப் பண்ணலாமா?"

முப்பத்திரண்டு கையெழுத்துகள். முப்பத்தொன்றை டீச்சர் அலட்டிக்கொள்ளாமல் பார்த்தார். கடைசிக் கையெழுத்தின் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுச் சொல்லிக்கொடுத்தேன். என் பெண்ணை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.' அதைத் தாண்டி அவர் கண் நகரவில்லை.

மறுநாள் பாதியும் காலும் நடத்தினார். கடைசி பெஞ்சின் கைதான் முதலில் எழுந்தது. முன்னால் வந்தவள் கைக்குட்டையைப் பாதியாக மடித்தாள். பிறகு காலாக மடித்தாள். ஓரம் ஒன்றுகூடப் பிசகவில்லை.

"இன்னும் ஒரு மடிப்பு மடிச்சா என்ன வரும்னு சொல்லட்டுமா டீச்சர்?"

அது தாளில் இல்லாதது. வகுப்பு வாயைப் பிளந்தது.

"சொல்லு," என்று டீச்சர் அவளுடைய பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.