தாளிக்காத நாட்கள்

கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டால் எனக்கு இன்றும் கைவேலை நின்றுவிடுகிறது. பட்டாசு வெடித்தால் நிற்பதில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பிறந்து வளர்ந்தவளுக்கு வெடிச்சத்தம் என்ன புதிதா? எண்ணெய் காய்ந்து, கடுகு படபடவென்று பொரிந்து, கறிவேப்பிலை விழுந்ததும் சொய்யென்று அடங்கும் அந்தச் சின்னச் சத்தமும் அதோடு எழுந்து வரும் வாசமும்தான் என்னை என்னவோ செய்துவிடும். தாளிப்புக் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நான் நின்றுவிடுவதைப் பார்த்து, "என்ன, கனகோட அந்த நாள் ஞாபகமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். ஆமாம் என்பேன்.

கனகு என் தங்கை. முழுப்பெயர் கனகமணி. எனக்கு ஒன்பது வயது நடந்தபோது அவளுக்கு ஐந்து. அய்யாவும் அம்மாவும் ஒரே பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார்கள். கிழக்கு வெளுக்கும் முன்பே கம்பெனி வேன் ஊர்முனையில் வந்து நின்று ஒலியெழுப்பும். பொழுது இருட்டிய பிறகு அதே வேன் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களை "சீசன்" என்பார்கள், அப்போது ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. வெளிச்சத்தில் எங்கள் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதே எங்களுக்கு அரிதாக இருந்தது. பகலில் எங்களைப் பார்த்துக்கொண்டவள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, அய்யாவின் அண்ணன் மனைவி. பார்த்துக்கொண்டாள் என்றால், வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியபடி நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று அவ்வப்போது நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது, அவளுக்கும் வயிறு இருந்தது.

பட்டினி கிடந்தோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காலையில் டீயும் வருக்கியும், மதியம் சோறும் ரசமும், இரவு சோறும் புளிக்குழம்பும் என்று வயிறு நிறையத்தான் சாப்பிட்டோம். கொல்லையில் ஒரு முருங்கை மரம் கூரைக்குமேல் படர்ந்து நின்றது. அதன் காயை மட்டும் ஊரே வந்து கேட்டு வாங்கிப் போகும், கீரையைச் சீந்துவார் இல்லை. கம்பெனியிலிருந்து வரும் அம்மாவின் விரல்களில் அலுமினியத்தூள் மினுங்கிக்கொண்டிருக்கும். அதைத் தேய்த்துக் கழுவி அவள் அடுப்பு மூட்டுவதற்குள் விளக்கு வைத்த நேரம் தாண்டிவிடும். "விளக்கு வச்ச பெறகு மரத்துல கை வைக்கக் கூடாது, ராத்திரியில கீர திங்கவும் கூடாது" என்பது பெரியம்மாவின் சட்டம். அம்மா வீட்டில் இருந்த நேரமெல்லாம் விளக்கு வைத்த நேரமாகவே இருந்ததால், கொல்லையில் கொட்டிக் கிடந்த கீரை எங்கள் தட்டுக்கு வரவே இல்லை.

அந்தச் சீசனில்தான் கனகு பொழுது சாய்ந்தால் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தாள். வேன் வெளிச்சம் தெரிந்ததும் தெருப்பிள்ளைகள் எல்லாம் ஓடுவார்கள், இவள் மட்டும் நின்ற இடத்தில் நின்று, "அக்கா, கூட்டிட்டுப் போக்கா" என்று அழுவாள். சாப்பிட உட்கார்ந்தால் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுவாள், குழம்புச் சட்டிக்குள் கையை விடுவாள். செல்லம் கொஞ்சுகிறாள் என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். பெரியம்மாதான் கண்டுபிடித்தாள். "இது மாலக்கண்ணு. ஆட்டு ஈரல் வாங்கிச் சுட்டுக் குடுங்க, சரியாப் போயிரும்" என்றாள். "தீவாளி கழியட்டும்" என்றார் அய்யா. தீபாவளி கழிந்ததும் சொன்னபடியே ஈரல் வாங்கி வந்தார், அம்மா அதை அடுப்புத் தணலில் வாட்டி உப்பும் மிளகும் தூவிக் கொடுத்தாள். இரண்டு மூன்று வாரம் விடாமல் கொடுத்தார்கள். கனகு இருட்டில் ஓட ஆரம்பித்தாள். நோய் தீர்ந்தது என்று எல்லோரும் அதை மறந்தே போனோம். ஈரலும் நின்றது, தட்டில் மறுபடியும் சோறும் ரசமும்.

பங்குனியில் ஊருக்குள் அம்மை வந்தது. மணல்வாரி அம்மை, உடம்பெல்லாம் மணலை வாரி இறைத்தாற்போல் பொரிப்பொரியாகப் போடும். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்தது, எனக்கு முன்பே வந்து போயிருந்ததால் தப்பித்தேன். கனகுவுக்குக் காய்ச்சல் அடித்து முகம் சிவந்ததும் பெரியம்மா வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகினாள், அம்மா வேலையை நிறுத்தினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது, மீனோ கறியோ முட்டையோ வாசல் தாண்டக் கூடாது; ஆத்தா வந்திருக்கும் வீட்டில் எண்ணெய் வாசம் அவளுக்கு ஆகாது. கனகுவுக்குக் கூழும் இளநீரும் மட்டும்.

அம்மா பகல் முழுதும் வீட்டில் இருந்த நாட்கள் அவைதான். கொல்லையில் முருங்கை, கையில் நேரம், தலைக்குமேல் வெயில் எல்லாம் இருந்தன. ஆனால் முருங்கைக்கீரை சூடு, அம்மை கண்ட பிள்ளைக்கு அதைக் காட்டவே கூடாது என்றாகிவிட்டது. இதை எழுதும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அம்மன்மேல் இல்லை, அவள் எந்தக் காலத்தில் கீரை வேண்டாம் என்றாள்?

கனகு கண்ணை மூடியே கிடந்தாள். வெளிச்சம் பட்டால் வீறிட்டாள். "கண்ணுக்குள்ள மண்ணு கெடக்கும்மா, எடுத்து விடும்மா" என்று கெஞ்சினாள். அம்மா வேப்பிலை ஊறிய தண்ணீரால் இமைகளைத் துடைத்து, சன்னலில் சேலையைக் கட்டி அறையை இருட்டாக்கினாள். இமையைப் பிரித்துப் பார்க்கலாமா என்று அவள் கேட்டபோது பெரியம்மா பதறிவிட்டாள். "ஆத்தா கண்ணுல உக்காந்திருக்கா. தொறக்கச் சொல்லாத. தானா எறங்குவா." அம்மா தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் நர்சம்மா வந்தார். காரியாபட்டிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து எங்கள் வட்டாரத்துக் கிராமங்களைச் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தவர். ஊசி போடுகிறவர் என்பதால் பிள்ளைகளுக்கு அவரைக் கண்டால் ஆகாது. வேப்பிலையைப் பார்த்ததும் சைக்கிளைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, பையிலிருந்து பழுப்பு நிற பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருந்த அய்யா எழுந்து போனார். நான் அவர் பின்னால் நின்றேன்.

"உள்ள ஆத்தா எறங்கியிருக்கா தாயி. தலைக்குத் தண்ணி ஊத்தட்டும், பெறகு வாங்க."

"ஊசி இல்லண்ணே. வாயில ஊத்துற மருந்துதான், கண்ணுக்கு நல்லது. அம்மை போட்ட பிள்ளைக்குக் கட்டாயம் குடுக்கணும். நான் வாசப்படி தாண்டல, நீங்களே வாங்கிட்டுப் போயி ஊத்துங்க."

"வேணாந் தாயி."

"ஒரே ஒரு கரண்டிண்ணே."

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா எம்புள்ளைய எனக்கு யாரு திருப்பிக் குடுப்பா?"

அய்யா கைகூப்பித்தான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அவருக்கு நர்சம்மாமேல் விரோதம் ஏதும் இல்லை. மகளைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பித்தான் மருந்தைத் திருப்பி அனுப்பினார். நர்சம்மா பாட்டிலைப் பைக்குள் வைத்தார். பிறகு, "தண்ணி ஊத்துனதும் ஆளனுப்புங்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அம்மை இறங்கியது. வெயிலில் வைத்துச் சூடாக்கிய மஞ்சள் வேப்பிலைத் தண்ணீரை விட்டு விட்டு மூன்று தடவை தலைக்கு ஊற்றினார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மறுநாள் காலையில் வாசல் வேப்பிலையை எடுத்துக் கிணற்றடியில் போட்டுவிட்டு, அம்மா முதல்முறையாக எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தாள். அவள் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிச்சி. அறையை மறைத்திருந்த சேலையை நான் அவிழ்த்துவிட்டேன். வெயில் நேராகக் கனகுவின் பாயில் விழுந்தது. கடுகு வெடித்தது. கறிவேப்பிலை வாசம் வீடெல்லாம் பரவியது. கனகு எழுந்து உட்கார்ந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

"எம்மா, தாளிக்கியா?"

"ஆமாடா தங்கம். உனக்குத்தான்."

"வெளக்கப் போடும்மா. இருட்டா இருக்கு."

அவள் முகம் முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கண்கள் திறந்துதான் இருந்தன. இடது கண்ணில் கருவிழி இருந்த இடம் வெந்த முட்டைபோல் வெளுத்துக் கிடந்தது. வலது கண்ணின்மேல் படலம் படர்ந்திருந்தது. அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். அடுப்பில் கடுகு கருகிப் புகைந்தது, அதை இறக்கிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அன்றே பஸ் பிடித்து மதுரைக்குப் போனார்கள், என்னை மட்டும் விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு. அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கண் டாக்டரம்மா நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். இடது கண் உருகிப் போய்விட்டது, அதற்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை. வலது கண்ணில் கொஞ்சம் பார்வையைக் காப்பாற்றலாம் என்றார். சாப்பாட்டில் கண்ணுக்கு வேண்டிய சத்து குறைந்திருந்ததால்தான் முதலில் மாலைக்கண் வந்திருக்கிறது, மிச்சம் இருந்த சத்தையும் அம்மை உறிஞ்சிவிட்டது என்று பொறுமையாகத்தான் விளக்கினார். சத்து குறைந்தது என்ற சொல்லிலேயே அய்யா நின்றுவிட்டார்.

"மூணு வேளையும் சோறு போட்டேம்மா. பசின்னு எம்புள்ள ஒரு நா படுத்ததில்ல."

"பசிக்குச் சோறு போதும்யா, கண்ணுக்குப் போதாது. கீரை இருக்குல்ல, அது குடுத்தீங்களா?"

அய்யா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். அவள் அங்கே அழவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், கனகு மடியில் தூங்கிய பிறகு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அதன்பிறகு அய்யா முருங்கை மரத்தை விடவில்லை. வேன் வருவதற்கு முன், விடியாத இருட்டிலேயே கொப்பை வளைத்து ஒடித்து, வாசல் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து கீரை உருவுவார். விளக்கு வைத்த நேரம், சூடு, குளிர்ச்சி என்று பெரியம்மா ஒன்றும் பேசவில்லை, அவளே வந்து கூட உட்கார்ந்து உருவினாள். எங்களுக்குக் கீரை திகட்டிப்போய், கண்டாலே ஓடினோம். அய்யா அடித்து ஊட்டினார், ஊட்டிவிட்டு அடித்த இடத்தைத் தடவிக்கொடுத்தார். கனகுவின் வலது கண் ஓரளவு தேறியது. எதையும் மூக்குக்கு நேரே பிடித்தால் பார்ப்பாள், தூரத்தில் ஆள் வருவது தெரியும், யாரென்று தெரியாது. நர்சம்மா பிறகும் வந்தார். ஒரு வார்த்தை குத்திப் பேசாமல் எங்கள் இருவர் வாயிலும் அந்த மருந்தை ஊற்றினார். அவர் போகும்வரை அய்யா கொல்லையைவிட்டு வரவில்லை.

அம்மா ஆடி மாதம் தோறும் ஆற்றங்கரை மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் செலுத்தினாள். இரண்டு கண்ணும் சேர்ந்த சின்னத் தகடு. கனகுவின் இமைகளில் ஒற்றி உண்டியலில் போடுவாள். பெரியவளானதும் கனகு கேலி பண்ணுவாள். "எம்மா, எனக்கு ஒரு கண்ணுதான போச்சு, எதுக்கு ரெண்டு வாங்குற?" அம்மா அவள் வாயைப் பொத்துவாள். கனகுவுக்குக் கல்யாணம் பேச வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. போகப்போக அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று கனகுவே சொல்லிவிட்டாள்.

இப்போது நான் சூலக்கரைப் பக்கம் குடியிருக்கிறேன். அய்யாவும் இல்லை, அம்மாவும் இல்லை. கனகு என்னோடு இருக்கிறாள். ஊரில் எங்கள் வீடு இருந்த இடத்தில் ஒரு கம்பெனியின் குடோன் வந்துவிட்டது, முருங்கை மரம் போயிற்று. வாசலில் வேப்பிலை செருகிய வீட்டைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. மாலைக்கண் என்றால் என் மகளோடு படிக்கும் பிள்ளைகளின் தாய்மாருக்கே என்னவென்று தெரியவில்லை. ஒழிந்துபோனவற்றில் நான் சந்தோஷப்படும் ஒரே சங்கதி அதுதான். அந்தச் சந்தோஷத்தைக் கனகுவின் முன்னால் எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் மனசுக்குள் வைத்துக்கொள்கிறேன்.

சென்ற மாதம் என் நான்கு வயது மகளை அங்கன்வாடிக்கு மருந்து கொடுக்கக் கூட்டிப் போனபோது கனகுவும் கூட வந்தாள். டீச்சர் பழுப்பு நிற பாட்டிலைத் திறந்து சின்னப் பிளாஸ்டிக் கரண்டியில் ஊற்றினார். அந்த எண்ணெய்ப் பிசுக்கு வாசம் வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, கனகுவுக்கும் தெரிந்துவிட்டது. "டீச்சர், ஒரு நிமிசம் குடுங்க" என்று கையை நீட்டினாள். கரண்டியை வாங்கி, சிந்தாமல், தன் வலது கண்ணுக்கு நேரே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அக்கா, அன்னைக்கு நர்சம்மா வாசல்ல வச்சுக்கிட்டு நின்னது இதானா?"

பாயில் கண்மூடிக் கிடந்தவள் அந்தப் பேச்சைக் கேட்டிருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆமாம் என்றேன்.

கனகு கரண்டியை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். மஞ்சளாக, அடியில் கொஞ்சம்போல் கிடந்தது மருந்து.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

பிறகு குனிந்து, கையால் தடவி என் மகளின் வாயைக் கண்டுபிடித்து, ஒரு சொட்டும் வெளியே போகாமல் அதை ஊற்றினாள்.