சிவப்புக் காந்தம்

ஜேர்மனியில் பேஸ்போல் விளையாடுகிறவனுக்கு வெட்கம் கொஞ்சம் குறைவாக இருக்கவேண்டும். ஊரே உதைபந்தாட்டம் பார்க்கப் போயிருக்கும் சனிக்கிழமை மத்தியானம், ஹம்பேர்க்கின் ஓரத்தில், நெடுஞ்சாலைச் சத்தத்தை மறைக்கக் கட்டிய மதிலுக்குக் கீழே, முழங்காலோடு நின்றுவிடும் வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு நிற்கவேண்டும். பார்க்க வருகிறவர்கள் நாற்பது பேர். அதில் பத்துப் பேர் வாட்டிய சொசேச்சுக்காக வருகிறவர்கள். பந்து வேலி தாண்டினால் பக்கத்துத் தோட்டத்துக் கிழவரின் முட்டைக்கோவாப் பாத்திக்குள் விழும். அவர் அதைத் திருப்பித் தருவதற்கு முன் ஒரு பிரசங்கம் செய்வார்.

அந்த அணியில் பதினொரு வருடம் நான் கேட்சர். பந்து எறிகிறவனுக்கு எதிரே, துடுப்புக்காரனுக்குப் பின்னால், முகத்தில் கம்பிக்கூட்டை மாட்டிக்கொண்டு குந்தியிருப்பவன். அப்பா முதல்முறை பார்க்க வந்தபோது இது எங்கட ஊர் எல்லே விளையாட்டுத்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு உடுப்பு என்று கேட்டார். இரண்டாம் முறை அவர் வரவில்லை. என் மனைவி ஒருமுறையும் வந்ததில்லை. ஆனால் எனக்கு அந்த இடம் பிடிக்கும். களத்தில் மற்ற எட்டுப் பேரும் ஒரு பக்கம் பார்த்து நிற்க, கேட்சர் ஒருவன்தான் அவர்களைப் பார்த்திருப்பான். அவன் கை காட்டாமல் ஆட்டம் தொடங்காது. ஐந்து வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன் நான். எட்டு வெள்ளைக்காரர்கள் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வேறு இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

விளையாட்டைவிடக் கேவலம் அதன் குளிர்காலம். ஒக்டோபரில் ஆட்டம் முடிந்ததும் எங்கள் சங்கத்தின் நிர்வாகக் குழு மூளையைப் பாவிக்கத் தொடங்கும். அடுத்த வருடம் யாரை வைத்திருப்பது, யாரைக் கழிப்பது, அமெரிக்காவிலிருந்து யாரைக் கூப்பிடுவது என்று ஏழு பேர் கூடியிருந்து முடிவெடுப்பார்கள். அந்த ஏழில் நானும் ஒருவன். கூட்டக் குறிப்பு எழுதுவதும், வீரர்களின் அடையாள அட்டைப் பிரதிகளைச் சேர்த்து லீக்குக்கு அனுப்புவதும் என் வேலை. யாரும் செய்ய விரும்பாத வேலை என்பதால் எதிர்ப்பில்லாமல் எனக்குத் தந்திருந்தார்கள்.

உள்ளூர்க்காரருக்கு ஒப்பந்தம் என்று ஒன்றும் கிடையாது. நாங்கள்தான் சந்தா கட்டி விளையாடுகிறோம். ஒப்பந்தம் அமெரிக்கர்களுக்கு. விமானச் சீட்டு, தலைவர் வீட்டுக் கராஜுக்கு மேலே ஓர் அறை, கதவு ஒரு பக்கம் திறக்காத பழைய கார், கைச்செலவுக்கு ஏதோ கொஞ்சம். அங்கே கல்லூரியில் விளையாடி முடித்து, வேலை தேடப் பயந்து நிற்கும் பெடியங்கள் அதற்கு வருவார்கள். ஏப்ரலில் வந்து, ஜூலையில் ஒரு காதலி பிடித்து, ஒக்டோபரில் அழுதுகொண்டு போவார்கள். கடந்த வருடமும் இரண்டு பேர் வந்தார்கள். கடைசிக்கு முந்திய இடத்தில் முடித்தோம்.

அந்தச் சாதனைக்குப் பிறகு எங்கள் அணிப் பொறுப்பாளருக்கு முதல் பிரிவுக்கு ஏறும் ஆசை வந்தது. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதை. ஆள் குசினி அலுமாரிகள் விற்கும் கடை வைத்திருக்கிறார். சங்கத்துக்கு வந்து இரண்டு வருடம். பேஸ்போலைப் பற்றி அவர் அறிந்தது எல்லாம் கணினித் திரையில் அறிந்தது. ஒரு பந்தைப் பிடிக்கச் சொன்னால் முகத்தால்தான் பிடிப்பார். ஆனால் எண்கள் பேசுவார். அவர் எண்கள் பேசினால் தலைவர் தலையாட்டுவார். தலைவர் ஓய்வுபெற்ற வாகனப் பயிற்சி ஆசிரியர். பேசுகிறவர் வலப்பக்கமா இடப்பக்கமா திரும்பப் போகிறார் என்று பார்த்திருந்து தலையாட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சங்க வீட்டில் கூட்டம். குளிர் தொடங்கினால் ஹம்பேர்க்காரர் செய்கிற பச்சைக் கோவாக் குழம்பு அடுப்பில் கொதித்தது. பொறுப்பாளர் தன் கடையிலிருந்து ஒரு வெள்ளைப் பலகை கொண்டுவந்திருந்தார். வாடிக்கையாளருக்கு அடுப்பு எங்கே, தண்ணீர்த்தொட்டி எங்கே என்று காட்டுகிற பலகை. அதில் மைதானத்தைக் கீறி, ஒவ்வொரு ஆளின் பெயரையும் ஒரு வட்டக் காந்தத்தில் எழுதி ஒட்டியிருந்தார். நீலம் ஜேர்மன்காரர், சிவப்பு வெளிநாட்டவர் என்று விளக்கினார். எங்கள் லீக்கில் வெளிநாட்டவர் இரண்டு பேர்தான் களத்தில் நிற்கலாம். ஆகவே சிவப்பு இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது.

பலகையில் சிவப்பு மூன்று இருந்தது. பந்து எறிகிற அமெரிக்கப் பிட்சர் ஒருவன். இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு நடுவில் நிற்க இன்னொரு அமெரிக்கன். மூன்றாவது நான்.

என் காந்தத்துக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு புதிய பெயர். அவனும் அமெரிக்கன்தான், கேட்சர். ஆனால் அவனுடைய பூட்டி பிரேமன் நகரத்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியவளாம். ஆகவே அவன் ஜேர்மன்காரன் என்று பொறுப்பாளர் சந்தோஷமாகச் சொன்னார். சொல்லிவிட்டு என் பெயரைப் பலகையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். சிவப்பு இரண்டாகியது. கணக்குச் சரி.

எனக்குப் பதினாறு வயதிலிருந்து ஜேர்மன் கடவுச்சீட்டு. பொறுப்பாளருக்குத் தெரியாது, போகட்டும். மற்ற ஐந்து பேருக்கும் தெரியும். தலைவருக்கு நன்றாகத் தெரியும். எனக்குக் கார் ஓட்டப் பழக்கியவரே அவர்தான், சாரதிப் பத்திர விண்ணப்பத்தோடு என் அடையாள அட்டையைப் பிரதி எடுத்து இணைத்தவரும் அவர்தான். யாராவது ஒருவர் வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். ஒருவர் சட்டியைப் பார்த்தார். ஒருவர் பியர்ப் போத்தலின் லேபலைச் சுரண்டினார். எட்டு வருடம் என் கைக்குள் பந்தெறிந்த பழைய பிட்சர், இப்போது பொருளாளர், தன் கைபேசியில் மழை வருமா என்று தேடினார். வெளியே மழைதான் பெய்துகொண்டிருந்தது.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றால் அது என்ன மயிருக்கு என்ற கோபம். அவர்களில் ஒருவர் சொல்லவேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தோடு குனிந்து குறிப்பு எழுதினேன்.

தலைவர் என் பதினொரு வருட உழைப்பைப் பற்றி மூன்று வசனம் பேசினார். எல்லோரும் விரல் முட்டியால் மேசையில் தட்டினார்கள். இங்கே கைதட்டுவதற்குப் பதிலாக அப்படித்தான் செய்வார்கள். கதவு தட்டுகிற மாதிரி இருக்கும், யாரும் திறக்க வரமாட்டார்கள். சங்கத்தின் இலச்சினை போட்ட ஒரு சூடுகாப்புக் கோப்பையும் தந்தார்கள். கோப்பை முன்பே வாங்கி வைத்திருந்தார்கள் என்றால் முடிவும் முன்பே எடுத்திருந்தார்கள் என்று அர்த்தம். கறிவேப்பிலைக்கு ஒருவரும் கோப்பை கொடுப்பதில்லை, அந்த வகையில் நான் உயர்ந்தவன்.

பிறகு தலைவர் முழுப் பட்டியலையும் ஒன்றாக வாக்குக்கு விட்டார். எங்கள் சங்கத்தில் எதிர்த்து வாக்குப் போடும் வழக்கம் இல்லை. கை உயர்த்தாதவன் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால் விவாதம் வரும். விவாதம் வந்தால் குழம்பு ஆறிவிடும். ஆறு கைகள் உயர்ந்தன. ஏழாவதாக என் கையும் உயர்ந்தது. யோசித்து உயர்த்தவில்லை. சின்ன வயதில் அப்பாவோடு வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்து பழகிய உடம்பு இது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதைக் கேட்டாலும் உடனே கொடுத்துவிடும். குறிப்பில் "ஏகமனதாக" என்று எழுதிக் கையொப்பமும் வைத்தேன். தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுவிட்டு, அதற்குச் சாட்சிக் கையெழுத்தும் வைத்தவனை அன்றுதான் நான் முதல்முறை பார்த்தேன்.

வீட்டில் கோப்பையைக் கண்டு மனைவி விசாரித்தாள். எல்லாம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை.

"நீங்களும் கை உயர்த்தினனீங்களோ?"

ஓம் என்றேன்.

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அந்த விளையாட்டை எத்தனையோ முறை நக்கலடித்தவள், என் முழங்காலை மூட்டைதூக்கியின் முழங்கால் என்று சொல்கிறவள். அன்றைக்கு நக்கலடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

குளிர்காலம் போனது. பெப்ரவரி முடிவதற்குள் வீரர்களின் பத்திரங்கள் லீக்குக்குப் போகவேண்டும். அணியிலிருந்து கழிபட்டாலும் கோப்பு என்னிடம்தான் இருந்தது, அதைக் கழிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பிரேமன் பூட்டியின் கொள்ளுப்பேரனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கடவுச்சீட்டு அமெரிக்காவினுடையது, லீக்குக்கு அவன் மூன்றாவது சிவப்பு. ஜேர்மன்காரன் என்பதற்கு ஆதாரமாக அனுப்பியிருந்தவை இரண்டு: பூட்டியின் மங்கிய புகைப்படம் ஒன்று, அவள் கையால் எழுதிய அப்பிள் கேக் குறிப்பு ஒன்று. அப்பாவிப் பெடியன், கேட்டதைத் தேடி அனுப்பியிருந்தான். இரண்டையும் அச்சடித்துக் குறிப்பு ஒன்றும் எழுதாமல் பொறுப்பாளருக்கு அனுப்பினேன்.

அடுத்த நாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். முழங்கால் எப்படி என்று விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கி, நான் எப்போதாவது ஜேர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க யோசித்ததுண்டா, இப்போது விண்ணப்பித்தால் ஏப்ரலுக்குள் கிடைக்குமா என்று கேட்டார்.

"இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது" என்றேன்.

பின்னால் கடையில் யாரோ இழுப்பறை ஒன்றைத் திறந்து மூடிப் பார்ப்பது கேட்டது. பிறகு அவர், "சூப்பர்" என்றார்.

மன்னிப்பு இல்லை. வெட்கம் இல்லை. பழைய அலுமாரிக்குள் தேடிய திருகாணி கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த வாரச் சனிக்கிழமை அவசரக் கூட்டம். அதே ஏழு பேர், அதே பலகை, பிரேமன் பூட்டியின் பெடியன் மட்டும் பலகையில் இல்லை. பட்டியல் தீர்மானமாக நிறைவேறியது என்பதால் அதைத் தீர்மானத்தால்தான் மாற்றலாம் என்று தலைவர் சொன்னார். சட்டம் என்று வந்துவிட்டால் அவருக்கு முதுகு நிமிர்ந்துவிடும். பழைய பிட்சர், என் கடவுச்சீட்டு விடயம் தனக்கு எப்போதும் தெரியும்தானே என்று எனக்குக் கேட்கும்படி முணுமுணுத்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கைபேசியில் மழையைத் தேடினார்.

என்னை ஜேர்மன்காரனாகப் பட்டியலில் சேர்ப்பதற்கு ஆதரவானவர்கள் கை உயர்த்தலாம் என்றார் தலைவர். என் கை வழக்கம்போலத் தானாகப் பாதி எழும்பிவிட்டது. தலைவர் என்னைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார்.

"நீங்கள் உயர்த்த முடியாது. இது உங்களைப் பற்றிய விடயம். சம்பந்தப்பட்டவருக்கு வாக்கு இல்லை."

நவம்பரிலும் அது என்னைப் பற்றிய விடயம்தானே என்று கேட்டேன். அவர் உண்மையாகவே யோசித்தார். நவம்பரில் பட்டியலை முழுதாக எடுத்தோம், இது தனியாக எடுப்பது, ஆகவே வேறு என்று விளக்கினார். அதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. நான் கையை இறக்கினேன். ஆறு பேர் சேர்ந்து என்னை ஜேர்மன்காரனாக்கினார்கள். ஆதரவு ஆறு, எதிர்ப்பு இல்லை, ஒருவருக்கு வாக்குரிமை இல்லை என்று குறிப்பில் எழுதினேன். மேசையில் தட்டினார்கள். பொறுப்பாளர் என் பெயரை நீலக் காந்தத்தில் அழகாக எழுதிக்கொண்டுவந்திருந்தார். பலகையில் ஒட்டிக் காட்டிவிட்டு, பழைய சிவப்பை எனக்கு ஞாபகார்த்தமாகத் தந்தார். பகிடி என்று நினைத்தார்.

ரயிலில் வரும் வழியெல்லாம் ஆறு பேரையும் மனதுக்குள் தூற்றிக்கொண்டு வந்தேன். முதுகெலும்பில்லாதவர்கள், சொசேச் தின்னிகள், குசினி வியாபாரியின் எண்ணுக்கு ஆடும் பொம்மைகள். தமிழில் தூற்றினேன், பிறகு ஜேர்மனிலும் தூற்றினேன். விளையாடப் போவதில்லை என்று சொல்வதற்கு நல்ல வசனம் ஒன்றையும் தயார் செய்தேன். இரண்டு வரி. வலிக்கும்.

மனைவி கதவைத் திறந்தாள். என் கையிலிருந்த சிவப்புக் காந்தத்தைப் பார்த்தாள். நடந்ததை நின்றபடியே சொன்னேன். சம்பந்தப்பட்டவனுக்கு வாக்கு இல்லை என்ற இடத்தில் அவள் முகம் மாறியது. எனக்காக அவளுக்குக் கோபம் வருவதைக் கன காலத்துக்குப் பிறகு கண்டேன்.

"அப்ப என்ன சொன்னனீங்கள்? போகமாட்டன் எண்டுதானே?"

அந்த இரண்டு வரி வாய்க்குள் இருந்தது. எட்டுப் பேர் என் கையைப் பார்த்து நிற்கும் அந்த இடமும் கண்ணுக்குள் இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை பயிற்சி தொடங்குது" என்றேன்.

அவள் என் கையிலிருந்து காந்தத்தை வாங்கி, குளிர்சாதனப் பெட்டியில், பிள்ளையின் பாடநேர அட்டவணைக்கு மேலே ஒட்டினாள். முழங்காலுக்குப் பூசுகிற எண்ணெய் முடிந்துவிட்டது, வேறு வாங்கவேணும் என்று மட்டும் சொன்னாள்.