மூன்று இழுப்பு, ஒரு தட்டு

நான் குழாய் ரிப்பேர் செய்கிறவன். சத்தம் கேட்டால் எந்தக் குழாய், எங்கே ஒழுக்கு என்று தேடுவேனே தவிர, பேய் என்று நினைக்கிற ஆள் இல்லை. அப்படிப்பட்ட நான் சொல்கிறேன்: இது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. 1981 பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. கடைசிவரை படித்தால் ஏன் என்று தெரியும்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய பெரிய ஒரு சென்ட் செப்புக் காசுகள். எங்கள் அமெரிக்கா பிறந்த புதிதில் அடித்தவை. இப்போதைய சென்ட்டைவிட ஒன்றரை மடங்கு அகலம். அன்று அச்சைக் கையால்தான் வெட்டினார்கள். அதனால் ஒரே வருஷத்துக் காசிலேயே பல வகை. ஒன்றில் இலைக்கொத்தில் ஒரு காய் குறையும். ஒன்றில் வருஷத்தின் கடைசி எண் சாய்ந்திருக்கும். ஒரு காம்பு குட்டையா நீளமா என்பதை வைத்தே, அது ஊரெல்லாம் கிடைக்கிற காசா, நாடு முழுக்கத் தேடினாலும் ஏழெட்டு மட்டுமே உள்ள காசா என்று சொல்லிவிடலாம்.

வெர்மான்ட்டில் எங்கள் சின்ன ஊரில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இரண்டே பேர். நானும், கடிகாரக்கடை லைமனும். காசின் முகத்தில் லைமன் விரல் படவே விடமாட்டார். செம்பு கைரேகையை மறக்காது. இன்று தொட்டால் ஒரு மாதம் கழித்துப் பழுப்பாக எழும்பி வரும். பிறகு அழியாது, காசின் மதிப்பு பாழ். காசுக்கு மேல் வாயைத் திறக்கவும் கூடாது. ஒரு துளி எச்சில் பட்டால் கரும்புள்ளி விழும். லைமன் விளிம்பைப் பிடித்து, ஒட்டக மயிர்த் தூரிகையால் மூன்று இழுப்பு இழுப்பார். பிறகு தூரிகையை மேசையில் ஒரு தட்டு. ஸ்ஸ்க்... ஸ்ஸ்க்... ஸ்ஸ்க்... டக். நான் அவரைப் பார்த்த இருபது வருஷமும் அதே தாளம்தான்.

ஜனவரியில் மாரடைப்பு. போய்விட்டார்.

அவர் மனைவி வெர்னா என்னைக் கூப்பிட்டார். எழுபது வயது. கடைக்கு மேலே ஒரே அறையில், ஒரு சின்ன அடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பிக்ஸ்பி, வீட்டைச் சூடாக்கற கொதிகலன் செத்துப்போச்சுன்னு நீதானேப்பா சொன்ன? அவர் காசையெல்லாம் பாத்து, என்ன தேறும்னு எழுதிக் குடு. புதுசு போட முடிஞ்சா இங்கயே இருப்பேன். இல்லேன்னா ஒஹையோவுல தங்கச்சி வீடுதான். அவ சமையலைத் தின்னு சாவறதுக்கு இங்கயே வெறச்சு சாவலாம்."

"லைமனுக்கு அடக்கம் எப்பங்க?"

"மண்ணு பாறையாட்டம் கெடக்கே. மே மாசம்தான். அதுவரைக்கும் கல்லறைத் தோட்டத்துக் கல் ரூம்ல, பெட்டியோட. அவரும் குளிர்ல, நானும் குளிர்ல."

அந்தக் கட்டடம் முன்பு ஒரு வங்கி. கீழே இருந்த பெட்டக அறையில்தான் லைமன் காசுகளை வைத்திருந்தார். கனத்த இரும்புக் கதவு. உள்பக்கம் கைப்பிடி கிடையாது.

"கதவு சாத்தாம இருக்க வச்ச ஆப்பை மட்டும் எடுத்துடாத. உள்ளேருந்து தெறக்க வராது. நான் பல் டாக்டர்கிட்ட போயிட்டு நாலு மணிக்கு வந்துடறேன்."

மர ஆப்பைக் கதவடியில் நானே உதைத்து இறுக்கினேன். அப்போது மணி 1:40.

ஒவ்வொரு காசும் ஒரு காகித உறையில் இருந்தது. உறையின்மேல் லைமனின் பொடி எழுத்தில் வகை எண். வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியில் பார்த்துப் பென்சிலால் பட்டியல் எழுதினேன்.

கடைசி உறையில் எண் இல்லை. ஒரே ஒரு சொல்தான் இருந்தது. 'வெர்னா.'

திறந்தேன். 1794. காயின் காம்பைப் பார்த்தேன். குட்டை. மறுபடி பார்த்தேன். அந்த ஏழெட்டில் ஒன்று! அந்த ஒரு காசு போதும், கொதிகலன் என்ன, கூரையே புதிதாகப் போடலாம். லைமன் வெர்னாவுக்கென்றே எடுத்து வைத்திருக்கிறார்.

ஆசை வெட்கம் அறியாது. பட்டியலில் 'சாதாரண வகை' என்று எழுதினேன். சாதாரண விலைக்கு நானே வாங்கிக்கொள்ளலாம். இந்த ஊரில் யாருக்குத் தெரியப்போகிறது?

டொம்ம்ம்...

கதவு மூடிக்கொண்டது. மணி 2:35.

ஓடிப்போய்த் தள்ளினேன். தோளால் இடித்தேன். "யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினேன். என் குரல் சுவரில் பட்டு எனக்கே திரும்பியது. சரி, நாலு மணிக்கு வந்துவிடுவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். காற்று போதுமா என்று கணக்குப் போட்டேன். போதும் என்றுதான் தோன்றியது. ஆனாலும் மூச்சு முட்டியது.

2:52. நாற்காலியில் உட்கார்ந்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

2:58. எனக்குப் பின்னால் மெல்லிய சத்தம்.

ஸ்ஸ்க்... ஸ்ஸ்க்... ஸ்ஸ்க்...

குழாய்தான் என்று சொல்லிக்கொண்டேன். நீராவிக் குழாய் இப்படி இரையும். பிறகுதான் நினைவு வந்தது. கொதிகலன் செத்துப்போயிருந்தது.

டக்.

மேசை அதிர்ந்தது. நான் கை வைத்திருந்த அதே மேசை.

திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை. காசையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

3:10. காசின்மேல் ஆவி படர்ந்தது. குளிர்ந்த கண்ணாடியில் மூச்சு விட்டாற்போல. என் மூச்சாக இருக்கும்... ஆனால் என் வாயில்தான் கைக்குட்டை இருந்ததே.

மூச்சை அடக்கினேன்.

ஆவி மெல்ல மறைந்தது...

மறுபடி படர்ந்தது.

மறைந்தது... படர்ந்தது...

என் தோளுக்கு மேல் யாரோ குனிந்து, நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

3:40. எனக்கு அழுகை வந்துவிட்டது. "லைமன், தப்புதான்! வெர்னாகிட்ட உண்மையச் சொல்லிடறேன். என்னை விட்டுடுங்க!"

சத்தம் நின்றது.

கதவு அசையவில்லை.

இருபத்தைந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு.

4:05. கதவு திறந்தது.

"ஏம்ப்பா, கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்ன பண்ற?" வெர்னா ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆப்பு எங்க?"

கதவடியில் ஆப்பு இல்லை. அது உள்ளே, மேசைமேல் இருந்தது. என் பட்டியலில், அந்தக் கடைசி வரியின்மேல்.

இனிதான் வெட்கக்கேடு. வெளியே வந்தேன். வெயில். பனிமேல் காக்கை உட்கார்ந்திருந்தது. பயம் தெளிந்ததும் புத்தி பழையபடி வாலாட்டியது. வாக்குக் கொடுத்தவன் வாயைத் திறக்கவில்லை. பட்டியலைக் கொடுத்தேன், அந்தக் காசைச் சாதாரண விலைக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வெர்னா ஒஹையோவுக்குப் பெட்டி கட்ட ஆரம்பித்தார்.

மார்ச் 19 காலை உறையைப் பிரித்தேன். காசில் இருந்த பெண்ணின் முகத்துக்கு நடுவில் பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. ஓரத்தில் தவறிப் பட்டதல்ல. நடுவில் வைத்து அழுத்தியது. ரேகையின் குறுக்கே ஒரு வெட்டு.

என் விரலைப் பார்த்தேன். வெட்டு இல்லை.

அன்றே வெர்னாவின் முன்னால் காசை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. ரேகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி அவர் விரல்ல கடிகாரக் கண்ணாடி ஒடஞ்சு வெட்டினது" என்றார். "அவர் ஒரு காசைக்கூட இப்படித் தொட்டதில்லயேப்பா... ஒன்னை மாதிரி ஆளுக்குப் போறதுக்கு, கெட்டே போகட்டும்னு விட்டுட்டாரு."

காசு பாழ். கொதிகலனை என் சொந்தச் செலவில் போட்டுக் கொடுத்தேன். வெர்னா கட்டிய பெட்டியை அவிழ்த்தார்.

மே 8. மண் இளகிவிட்டது. காசு லைமனோடே போகட்டும் என்றார் வெர்னா. அடக்கம் செய்கிறவர் ஒரு நிமிஷம் பெட்டியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

லைமனின் வலது கட்டைவிரல் நுனி மட்டும் பச்சையாக இருந்தது. செம்புக் களிம்பு.

"ஜனவரியில நான்தான் கழுவி விட்டேன்" என்றார் அவர், குரல் இறங்கி. "சுத்தமா இருந்துச்சு. பெட்டியில நான் வச்ச முத்திரை இப்பவரைக்கும் உடையவே இல்லையே..."

காசை விளிம்பில் பிடித்து அந்த விரலுக்கு அடியில் வைத்தேன். வாயை மூடிக்கொண்டுதான் வைத்தேன்.