மூன்று எழுத்தும் இருந்த நோட்டீஸ்

எங்கள் அலுவலகத்தில் தேநீர் வேளையில் ஆளுக்கொரு கைப்பேசியை வைத்துக்கொண்டு ஐந்தெழுத்து இங்கிலீஷ் வார்த்தை தேடுகிறார்கள். நாளுக்கு ஒரு வார்த்தை. எல் இருக்கிறது, ஏ இருக்கிறது, ஈ இருக்கிறது, மேற்கொண்டு ஓடவில்லை என்று யாராவது முழித்தால் என்னிடம் வருவார்கள். அந்த மூன்றும் உள்ள வார்த்தைகளில் பதினெட்டை நான் மூச்சுவிடாமல் சொல்வேன். பெரிய படிப்பாளி என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் மறுப்பதில்லை. உண்மையில் அது ஆறாம் ஆண்டில் ஒரே வாரத்தில் சேர்த்த சொத்து.

அப்போது நாங்கள் இலங்கையில், தெரணியகலைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். டவுனிலிருந்து பஸ்ஸில் வரும் இங்கிலீஷ் மிஸ், ஆங்கில தினத்துக்காக ஒரு போட்டி வைத்தார். வார்த்தையில் ஐந்து எழுத்து இருக்க வேண்டும், அதில் எல், ஏ, ஈ மூன்றும் வர வேண்டும். எங்கேயாவது எழுதியிருந்ததைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், பார்த்த இடத்தையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். அகராதியைப் பார்த்து எழுதக் கூடாது. எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீட்டிலும் அகராதி கிடையாது, ஆகவே அந்தச் சட்டத்தை ஒருவரும் மீறவில்லை. பரிசுதான் ஓர் அகராதி. அர்த்தம் தெரிய வேண்டும் என்று மிஸ் சொல்லவில்லை.

றப்பர் தோட்டம் இந்த மூன்று எழுத்துக்கென்றே உண்டானதோ என்று தோன்றியது. பால் ஊற்றும் பீப்பாயில் லேடெக்ஸ் இருந்தது. நிறுக்கிற மெஷினில் ஸ்கேல். மருந்து டின்னில் லேபல். அப்பா சவரம் செய்யும் பிளேட்டின் உறையில் பிளேட். உப்புப் பக்கெட்டில் டேபிள், அண்ணனின் சட்டைக் கழுத்தில் லார்ஜ். நான் ஒரு கொப்பியும் பென்சிலுமாக அலைந்தேன். மாட்டுக்குப் புல் அறுக்கப் போகச் சொன்னால் எனக்குப் பரீட்சை என்று சொல்லிவிடுவேன்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனாலும் என்னைவிட அவருக்குத்தான் ஆவேசம் அதிகம். கூரை மாதிரி ஒன்று, மூன்று பல் சீப்பு ஒன்று, மடக்கின முழங்கை ஒன்று என்று மனதில் பதித்துக்கொண்டார். பெரிய எழுத்தில் எங்கே கண்டாலும் ஐந்தா என்று விரல் விட்டு எண்ணி, பீடிக்கட்டின் காகிதத்தில் அப்படியே வரைந்து கொண்டுவருவார். பாதி தலைகீழாக இருக்கும். அதில் இரண்டு தேறியது. அதை அவர் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில் நின்று, எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் மலைக்கு ஏறினார்.

அந்த வாரம் அவருக்கு வேறொரு கவலையும் இருந்தது. எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடை வரைக்கும் ஒரு சரிவு உண்டு. காடாகக் கிடந்ததை லயத்து ஆட்கள் வெட்டித் துப்புரவாக்கி மரக்கறி போட்டு, கீழே மாட்டுக்குப் புல் வளர்த்திருந்தார்கள். எங்கள் மாட்டுக்கொட்டிலும் அங்கேதான் இருந்தது. அந்தச் சரிவைக் கம்பெனி வெளியாளுக்குக் கொடுக்கப்போகிறது என்று பேச்சு. கொடுப்பதாக இருந்தால் ஆபிஸ் போர்டில் நோட்டீஸ் போடுவார்கள், பதினாலு நாளுக்குள் எழுத்தில் மறுப்புக் கொடுத்தால் நிறுத்தலாம் என்று சங்கத் தலைவர் சொல்லியிருந்தார். பால் கொண்டுபோய்க் கொடுக்கும் ஸ்டோர், ஆபிஸுக்குப் பக்கத்தில் என்பதால், போர்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அப்பாவிடம் விட்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை நோட்டீஸ் வந்துவிட்டது. மேலே சிங்களம், கீழே இங்கிலீஷ், தமிழ் இல்லை. அப்பா சிங்களம் பேசினால் டவுன் கடைக்காரர்கள் ஊர் ஆள் என்றே நினைப்பார்கள், ஆனால் வாசிக்கத் தெரியாது. ஆபிஸுக்குள் கிளாக்கர் ஐயா, சிங்களத்தில் கிளாக்கர் மாத்தயா, இருந்தார், கேட்டிருக்கலாம். அப்பா கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விடும்வரை காத்திருந்து என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார்.

நான் போர்டுக்கு முன்னால் நின்று எண்ணினேன். தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் ஒரு வார்த்தை இருந்தது. லீஸ். ஐந்து எழுத்து, எல், ஏ, ஈ மூன்றும். என்னிடம் அதுவரை பதினேழு. மேல் லயத்துப் பையனிடமும் பதினேழு என்று கேள்வி. கொப்பியில் எழுதி, பக்கத்தில் ஆபிஸ் போர்டு என்று குறித்துக்கொண்டேன்.

"என்னா புள்ள போட்டிருக்கு?" என்றார் அப்பா.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம், ஒரு நிமிட வேலை. ஆனால் பெரட்டில் அவர் என்னைப் பற்றி அளந்ததெல்லாம் எனக்கும் எட்டியிருந்தது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. முன்பு ஒருமுறை போர்டில் மரத்துக்கு மருந்து அடிப்பதைப் பற்றிப் போட்டிருந்தது ஞாபகம் வந்தது.

"மருந்து அடிக்கிறாங்களாம்ப்பா. நமக்கு ஒன்னும் இல்ல."

அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. போகிற வழியெல்லாம், கண்டவரை நிறுத்தி, மருந்துதானாம், புள்ள வாசிச்சிருச்சி என்று சொன்னார். கடையில் எனக்கு ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்தார். அதைக் கடைசித் துண்டுவரை ருசித்துத் தின்றேன்.

வெள்ளிக்கிழமை மிஸ் என் பட்டியலைச் சரிபார்த்தார். லீஸ் என்பதற்கும் ஆபிஸ் போர்டு என்பதற்கும் சிவப்பில் ஒரே சரி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். ஒரு வார்த்தை வித்தியாசத்தில் நான் ஜெயித்தேன். அகராதியை அப்பா கை கழுவிவிட்டு வந்துதான் தொட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சரிவில் கம்பம் நட ஆள் வந்தார்கள். முள்ளுக்கம்பிச் சுருள் எங்கள் போஞ்சிப் பாத்தியில் கிடந்தது. லயமே திரண்டு ஆபிஸுக்குப் போனது, அகராதிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நானும் போனேன். கிளாக்கர் மாத்தயா வாசலுக்கு வந்து சிங்களத்தில் விளக்கினார். நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று, நோட்டீஸ் பதினாலு நாளும் தொங்கியது, ஒருவர்கூட மறுப்பு எழுதவில்லை, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். சத்தமாகக்கூடப் பேசவில்லை.

எல்லாரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு மாமாதான் கேட்டார். "ஒங்க புள்ளதானே வாசிச்சிச்சி? மருந்துன்னுதானே சொன்னிச்சி?"

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"புள்ள சரியாத்தான் வாசிச்சிச்சி. குத்தகைன்னுதான் சொன்னிச்சி. எனக்குத்தான் வெளங்கல, நாந்தான் மாத்திச் சொல்லிப்புட்டேன்."

அங்கே அவர் வாங்கிய ஏச்சை எழுதினால் அச்சில் வராது. எல்லாவற்றையும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அதன்பின் சங்கக் கூட்டத்தில் ஒருவரும் அவரிடம் ஒரு பொறுப்பையும் விடவில்லை. மாட்டை அடுத்த மாதம் டவுன் ஆள் ஒருவர் விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். எனக்கு இன்றைக்கும் லீஸ் என்ற வார்த்தையைத் திரையில் தட்டக் கை வராது, வெட்கமாக இருக்கும்.

அன்றைக்கு வெட்கம் வரவில்லை. வந்தது நிம்மதி. அப்பாவுக்கு மறந்துபோய்விட்டது, தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். முன்னூறு மரத்தில் எதை எந்தப் பக்கம் வெட்டினார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதருக்கு, மூன்று வாரத்துக்கு முன் மகள் சொன்னது மறந்துபோகும் என்று முழுசாக நம்பினேன். திரும்பி வருகிற வழியில் துணிச்சல் வந்து கேலிகூடச் செய்தேன்.

"ஒங்களுக்கு ஞாபகமே இல்லப்பா."

"ஆமா புள்ள" என்றார். அகராதிப் பை கனக்கும் என்று அதையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.