கம்பைலரும் பிள்ளையார் சுழியும்

1991. ஒரகடம் ரோட்டுல ஒரு சின்ன மெஷின் ஷாப். கம்ப்யூட்டர் என் பொறுப்பு. ப்ரோக்ராம் சொல்றபடி இரும்பைத் தானா செதுக்கற சி.என்.சி. மில்லிங் மெஷின், ஃபோர்மேன் ஏகாம்பரம் அண்ணன் பொறுப்பு. சேரப்பணஞ்சேரிக்காரர். அவரைத் தவிர யாரும் அதோட பட்டனைத் தொடக் கூடாது.

எனக்கு மூணு மாச ட்ரயல் முடியற நாள் அது. முதலாளி காலையிலேயே சொல்லிட்டார்: "ரெண்டு மணிக்கு கஸ்டமர் இன்ஸ்பெக்டர் வராரும்மா. சாம்பிள் பிளேட் ரெடின்னா நீ பர்மனென்ட். இல்லேன்னா நாளைலேர்ந்து வர வேணாம்."

வேலை இதுதான். மெஷினுக்கு ஜி கோட் மட்டும்தான் புரியும். அதை நேரா எழுதினா நமக்குக் கண்ணைக் கட்டிடும். அதனால கோடு, வட்டம், ஓட்டைன்னு ஒரு குட்டி மொழியில எழுதுவோம். கறுப்பு ஸ்கிரீன்ல ஒரு கமாண்டும் ஃபைல் பேரும் தட்டினா, கம்பைலர் அதை ஜி கோடா மாத்தித் தரும்.

தட்டினேன். லைன் 1ல எரர். முந்தின நாள் நல்லா கம்பைல் ஆன ப்ரோக்ராம், மெஷின்ல ஏறப்போற என் முதல் ப்ரோக்ராம்! திறந்து பார்த்தா முதல் வரியில தனியா ஒரு 2. அழிச்சேன். டீ பெல் அடிச்சுது, போயிட்டு வந்து மறுபடி தட்டினேன். மறுபடி எரர். மறுபடி அதே 2.

திரும்பினா, செருப்பைக் கழட்டிட்டு பவ்யமா நிக்கறார் ஏகாம்பரம் அண்ணன்.

"நீங்களாண்ணே?"

"பின்ன? பிள்ளையார் சுழி போடாம எழுதிகினு கீறியே பாப்பா! கீபோர்டுல உ இல்ல. ரெண்டு அதே மாதிரி இருந்துச்சு, போட்டேன்."

"கம்பைலர் ஒத்துக்க மாட்டேங்குதுண்ணே."

"சுழி இல்லாத ப்ரோக்ராமுக்கு நான் ஸ்டார்ட் பட்டனை அமுக்க மாட்டேன். இன்னா வேணா பண்ணிக்கோ."

மணி பன்னண்டரை. சுழி இருந்தா கம்பைல் ஆகாது, இல்லேன்னா இவர் ஓட்ட மாட்டார். நல்லா மாட்டினேன்! அழுகையே வந்துடுச்சு. மேனுவலைப் புரட்டினேன். ஒரு மூலையில இருந்துச்சு: ஸ்டார் போட்டு ஆரம்பிக்கற வரியை கம்பைலர் கண்டுக்காது, அது ஆளுங்க படிக்கற குறிப்பு.

"* 2"ன்னு அடிச்சேன். எரர் இல்லை.

"இன்னாது அது, நட்சத்திரம்?"

"சுழிக்கு மரியாதைண்ணே."

மனுஷன் பூரிச்சுப் போயிட்டார். பச்சை பட்டனைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு அமுக்கினார். இன்ஸ்பெக்டர் பிளேட்டை அளந்து பார்த்துத் தலையாட்டினார். நான் பர்மனென்ட். மறுநாள்லேர்ந்து லாக் புக், ஸ்டோர் சீட்டு எல்லாத்துலயும் அண்ணன் ஸ்டார் போட்டுத்தான் சுழி போட்டார்.

புதுசா வேலைக்கு வர்றவங்களுக்குச் சொல்றேன். எரர் வந்தா லைன் நம்பரை மட்டும் பார்க்காதீங்க, அந்த வரியை எழுதினது யாருன்னும் பாருங்க. அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்டார் போட இடம் இருக்கான்னு யோசிங்க.

ஒண்ணை மட்டும் அண்ணன்கிட்ட கடைசிவரைக்கும் நான் சொல்லலை. ஸ்டார் போட்ட வரி ஜி கோடுக்குள்ள போகவே போகாது. அத்தனை வருஷமும் அவர் பட்டனை அமுக்கினது சுழியே இல்லாத ப்ரோக்ராமுக்குத்தான்.