கழுவிக் கொடுத்த கேரியர்

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டு நடத்தும் குப்புராஜைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்ல வார்த்தைதான் வரும். பத்து வருஷத்தில் ஒரு வண்டி மாறிப்போனதில்லை, ஒரு பம்பு காணாமல் போனதில்லை. டோக்கனை நீட்டினால்தான் சைக்கிள். சொந்த மச்சானாக இருந்தாலும் அதே கதைதான். ‘டோக்கன் குப்புராஜ்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. யோக்கியன் என்று ஊர் சொல்லச் சொல்ல அவர் மட்டும் தலையைக் குனிந்துகொள்வார்.

அதற்கு முன்பும் அவருக்கு டோக்கன் வேலைதான். அப்பன் காலமெல்லாம் அடுத்தவன் கழனியில் உழைத்தவர். அந்தக் கழனியிலேயே பேக்டரிகள் வந்தபோது, எட்டாவது படித்திருந்த குப்புராஜுக்கு ஒரு இரும்பு உருக்காலையின் கேட்டில் டைம்கீப்பர் வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை, மேசை, நாற்காலி, சுவரில் ஒரு பலகை. அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் நம்பர் அடித்த பித்தளை டோக்கன். கான்ட்ராக்ட் ஆள் உள்ளே போகும்போது தன் டோக்கனை எடுத்துக்கொண்டு போவான், வெளியே வரும்போது மாட்டிவிட்டுப் போவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். அவ்வளவுதான் கணக்கு.

தொண்ணூற்றேழில் ஒரு மத்தியானம், இரண்டேகால் மணிக்கு உலை வெடித்தது. உலையடியில் நின்றவர்கள் ஏழு பேர். நான்கு பேரின் உடல் கிடைத்தது. மூன்று பேர் உருகிய இரும்போடு பள்ளத்தில் போய்விட்டார்கள். எடுத்துக் காட்ட எதுவுமே இல்லை. அந்த மூன்று பேரில் இரண்டு பேர் எந்த ஊரென்றே தெரியாத வடநாட்டுக்காரர்கள். மூன்றாவது ஆள் புதுவாயல் ஜெயராஜ்.

மானேஜர் துளசிராமன் கேட்டுக்கு வந்தார். மிரட்டினார் என்றாவது சொல்லலாமா என்றால் அதுவும் இல்லை. குப்புராஜின் தோளில் கை வைத்து, “மூணு பேரு சாப்பாட்டு நேரத்துலயே வெளிய போய்ட்டாங்க. போர்டை சரியா வை,” என்றார். டோக்கன் தொலைத்தவர்களுக்குக் கொடுக்க இழுப்பறையில் டூப்ளிகேட் டோக்கன்கள் இருந்தன. குப்புராஜ் மூன்றை எடுத்து மூன்று ஆணிகளில் மாட்டினார். தப்பி வந்தவர்கள் தங்கள் டோக்கனை மாட்டியிருந்தார்கள். போலீஸ் வந்து பார்த்தபோது பலகையில் நான்கு ஆணிதான் காலி. நான்கு என்றே எழுதிக்கொண்டு போனார்கள்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மேசைக்கு அடியில் ஒரு டிபன் கேரியர் இருந்தது.

ஜெயராஜின் பெண்சாதி கன்னியம்மா பன்னிரண்டரைக்குக் கொண்டுவந்து கொடுத்தது. “உலை ஓடிகினு கீது, இப்ப வரமாட்டான். நீ போ கன்னிமா, நான் குடுத்துடறேன்,” என்று வாங்கி வைத்தவர் குப்புராஜ்தான். உலை நிற்கவில்லை, ஜெயராஜும் சாப்பிட வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வெளியே போனவனின் சோறு கேட்டில் அப்படியே இருக்கலாமா? குப்புராஜ் கேரியரை எடுத்துக்கொண்டு காம்பவுண்டுக்குப் பின்னால் போனார். சோற்றையும் கறிக்குழம்பையும் மண்ணில் கொட்டினார். குழாயடியில் உட்கார்ந்து ஒவ்வொரு அடுக்காகத் தேய்த்துக் கழுவினார்.

மறுநாள் காலை, தலைவிரி கோலமாக ஓடிவந்த கன்னியம்மாவிடம் அதை நீட்டி, “துன்னுட்டு ரெண்டு மணிக்கு முன்னாடியே வெளிய போய்ட்டாம்மா,” என்றார். அவள் கேரியரைத் திறந்து பார்த்தாள். சுத்தமாக இருந்தது. நம்பிவிட்டாள்.

மீதியை ஊர் பார்த்துக்கொண்டது. ஆரம்பாக்கத்துப் பக்கம் ஒரு தெலுங்குக்காரி என்றார்கள், நாயுடுபேட்டையில் கண்டதாகக்கூட ஒருத்தன் சத்தியம் பண்ணினான். குப்புராஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தார். ஒரு தடவை கன்னியம்மாவே வந்து, “அண்ணே, அவுரு வெளிய போவசொல்லோ கூட யார்னா இருந்தாங்களா?” என்று கேட்டாள். “கவனிக்கல,” என்றார். இல்லை என்று சொல்லக்கூட வாய் வரவில்லை, பாவிக்கு.

அடுத்த வருஷம் ஆலை மூடியது. அவர் சைக்கிள் ஸ்டாண்டு போட்டார். கன்னியம்மா அதே ஸ்டேஷன் வாசலில் வேர்க்கடலை அவித்து விற்க உட்கார்ந்தாள். தினமும் காலையில் அவள் நெற்றியில் வட்டமாகக் குங்குமம் இருக்கும், கழுத்தில் தாலி இருக்கும். ஓடிப்போனவன் என்றைக்காவது வந்தால் செருப்பால் அடிக்கவேண்டும் என்பாள். ஆனால் பொட்டு வைக்க மறக்கமாட்டாள். அந்தப் பொட்டைப் பார்த்துப் பார்த்தே குப்புராஜுக்குப் பத்து வருஷம் போனது.

இரண்டாயிரத்து எட்டில் சிஃபா வந்தாள். பழவேற்காட்டில் கடை வைத்திருப்பவர் மகள், சென்னையில் சினிமா படிக்கிறாள். ஊர் மறந்துபோன அந்த வெடிப்பைப் பற்றி டாக்குமெண்டரி எடுக்கப் போவதாகச் சொன்னாள். குப்புராஜ் மாட்டேன் என்றிருக்கலாம். ஆனால் பத்து வருஷமாக யாரும் கேட்காததை ஒரு பெண் மரியாதையாக அங்கிள் என்று கூப்பிட்டுக் கேட்டதும் மனுஷனுக்கு நாக்கு நமநமவென்றது. சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பலகை எப்படி வேலை செய்யும் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். கடைசியில், “அன்னிக்கி நாலு ஆணி காலி. நாலு பேரும் இன்னும் என் கண்ணுல கீறாங்க,” என்றபோது கண்கூடக் கலங்கியது. அந்தக் கண்ணீர் நிஜம்தான். வெட்கக்கேடு அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் படம் போட்டார்கள். நூறு பேருக்கு மேல் கூட்டம். திரையில் குப்புராஜ் பேசி முடித்ததும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த மோசஸ் வாத்தியார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்ததாகத் திரையில் கன்னியம்மா வந்தாள். அன்றைக்கு ஆலை கேட் வரை போனவள் என்று யாரோ சொல்ல, சிஃபா அவளையும் கேட்டிருக்கிறாள். கடலையைக் கிளறிக்கொண்டே அவள் பேசினாள். “நான் இன்னாத்த சொல்றது. எம் புருசன் தான் சாவலியே. எங் கையால ஆக்கின கறிக்கொழம்ப ஒரு பருக்கை வுடாம வழிச்சி துன்னுட்டு தான் ஓடிப்போனாரு. கேரியர பாத்தேனே, அப்டி ஒரு சுத்தம். அம்மாம் பசி, அந்த நாய்க்கி.”

ஹாலே சிரித்தது. இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த கன்னியம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஊரோடு சேர்ந்து சிரித்தாள்.

அவள் அழுதிருந்தால் குப்புராஜ் இன்னும் பத்து வருஷம் தாங்கியிருப்பார். அந்தச் சிரிப்பு அவரை உட்காரவிடவில்லை. எழுந்து முன்னால் போனார். புரொஜக்டர் வெளிச்சம் முகத்தில் அடித்தது, அவர் நிழல் திரையை மறைத்தது. “உக்காருய்யா,” என்று யாரோ சத்தம் போட்டார்கள். சிஃபா படத்தை நிறுத்தினாள்.

“நாலு இல்ல. ஏழு பேரு,” என்றார். “மூணு டோக்கன் நான் மாட்டினது. ஜெயராஜ் வெளிய வரவேயில்ல, கன்னிமா. எங்கயும் ஓடல. அங்கயே செத்துப் பூட்டான்.”

அடி விழும் என்று நினைத்தார். விழுந்தால் தேவலை என்றுகூட இருந்தது. கன்னியம்மா எழுந்து நின்றாள். நெற்றிப் பொட்டு வேர்வையில் கரைந்திருந்தது.

“அப்போ கேரியரு?” என்றாள்.

“பின்னால கொட்டிட்டேன். கொட்டிட்டு கழுவினேன்.”

“சாப்டலியா அவுரு?”

“இல்லம்மா.”

மோசஸ் வாத்தியார் தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். குப்புராஜ் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

சிஃபாதான் மெதுவாகக் கிட்டே வந்தாள். “அங்கிள், இதை கேமரா முன்னாடி சொல்லுவீங்களா?”

தலையாட்டினார். நாற்காலி போட்டார்கள். இந்தத் தடவை சட்டையைச் சரி செய்துகொள்ளவில்லை. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்ததும், “அன்னிக்கி ஏழு ஆணி காலி,” என்று ஆரம்பித்தார். “ஜெயராஜ் நாப்பத்தி ரெண்டு. மத்த ரெண்டு பேரு முப்பத்தி ஒண்ணு, அம்பத்தெட்டு. அவங்க பேரு... பேரு எனக்குத் தெரியாது.”

“நிறுத்து,” என்றாள் கன்னியம்மா. கேமராவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

“நம்பரெல்லாம் அப்பால சொல்லு. எல்லாரும் சிரிச்சாங்கோ, நானும் சிரிச்சேன். மொதல்ல அவுரு துன்னலன்னு சொல்லு.”